தண்ணிய மொண்டு பாத்தே மீன் இருக்கான்னு சொல்லிட முடியுமா?

கேட்டவர் கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். அவங்க ஊர் ஏரியில வலை போட்டா, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில பாசி திங்க விடுவாங்களே டேங்க் கிளீனர், அந்த மீனா வருது, அதுக்குக் கீழ, ஏரி நிரம்பினா கலங்கல் வழியா வழியிற தண்ணி போய்ச் சேர்ற ரெண்டு ஏரி இருக்கு, அங்கயும் அது போயிடுச்சான்னு தெரியணும். தண்ணிய பாட்டில்ல புடிச்சு டிஎன்ஏ டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடும்னு எங்கயோ படிச்சிருக்கார். நிஜமா வேலை செய்யுமா, ஒரு பாட்டில் போதுமா, வர்ற ரிசல்ட்ட நம்பலாமான்னு கேக்கறார்.

வேலை செய்யும். நல்லாவே வேலை செய்யும். ஆனா அந்த ரிசல்ட் "உங்க மீனோட டிஎன்ஏ இந்தத் தண்ணியில இருந்துச்சு"ன்னு மட்டும்தான் சொல்லும், "மீன் இருக்கு"ன்னு சொல்லாது. ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும், இல்லைங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிக்காக அமெரிக்காவுல கோர்ட் வரைக்கும் போனாங்க. அதுக்கு வர்றேன்.

முதல்ல இது எப்படி நடக்குதுன்னு பாத்துடலாம். தண்ணியில வாழுற எதுவா இருந்தாலும் அதோட உடம்புல இருந்து ஏதாவது உதிர்ந்துக்கிட்டே இருக்கும், மேல் தோலோட வழவழப்பு, கழிவு, முட்டை, செத்த செல்லுங்க இப்படி. அதுல எல்லாம் டிஎன்ஏ இருக்கு. அதுலயும் செல்லோட கருவுல இருக்குற டிஎன்ஏவ யாரும் முதல்ல தேட மாட்டாங்க, ஏன்னா ஒரு செல்லுக்கு ரெண்டு பிரதிதான் இருக்கும், செல்லுக்குச் சக்தி குடுக்குற மைட்டோகாண்ட்ரியாவுல இருக்குறது நூத்துக்கணக்குல ஆயிரக்கணக்குல இருக்கும், அதனால அததான் தேடுவாங்க. ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர் தண்ணிய ரொம்ப நுண்ணிய ஃபில்டர் பேப்பர் வழியா பம்ப் வச்சு இழுப்பாங்க, பேப்பர்ல ஒட்டுனதுல இருந்து டிஎன்ஏவ பிரிச்செடுப்பாங்க, அப்புறம் அந்த மீனோட டிஎன்ஏவுல மட்டுமே போய் ஒட்டுற மாதிரி செஞ்சு வச்ச ப்ரைமர்ங்கற குட்டி டிஎன்ஏ துண்டப் போட்டு, டிஎன்ஏவ நகல் எடுத்துப் பெருக்குற பிசிஆர் மெஷின்ல ஓட்டுவாங்க. தேடுற துண்டு அதுல ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் ஒவ்வொரு ரவுண்டுக்கும் ரெட்டிப்பாகும், நாப்பது ரவுண்டு ஓட்டுனா கணக்கு எங்க போகும்னு நீங்களே போட்டுப் பாருங்க. அந்தத் துண்டு சின்னதா இருக்கணும், ஏன்னா தண்ணியில கிடக்குற டிஎன்ஏ வெயில்லயும் பாக்டீரியாவாலயும் நைஞ்சு துண்டு துண்டா போயிருக்கும், நீளமான துண்டத் தேடுனா கிடைக்காது.

இத தண்ணியில இருக்குற ஒரு பெரிய பிராணியக் கண்டுபிடிக்க முதல்ல செஞ்சு காட்டுனது பிரான்ஸ்ல, 2008ல. அங்க அமெரிக்க புல்ஃபிராக்னு பெரிய தவளை ஒண்ணு வெளிய இருந்து வந்து குட்டைகள்ல பரவிக்கிட்டு இருந்துச்சு. வெறும் 15 மில்லி தண்ணி, 79 எழுத்து நீளத்துல ஒரு டிஎன்ஏ துண்டு, அவ்வளவுதான், தவளை இருந்த குட்டையில அகப்பட்டுச்சு, இல்லாத குட்டையில அகப்படல. அப்புறம் 2012ல அங்கயே இன்னொரு ஆய்வு, பகல்லயும் ராத்திரியிலயும் ஆளுங்க போய்ப் பாத்தும் கேட்டும் 7 இடத்துல மட்டும்தான் தவளையக் கண்டுபிடிச்சாங்க, தண்ணி டெஸ்ட் 38 இடத்துல இருக்குன்னு சொல்லுச்சு. ஒரு வெளிநாட்டு உயிரி பரவ ஆரம்பிக்கிற காலத்துல எண்ணிக்கை ரொம்பக் கம்மியா இருக்கும், அப்ப கண்ணுல படாது வலையிலயும் சிக்காது, ஆனா ஒழிக்கணும்னா அந்த நேரத்துலதான் ஒழிக்க முடியும், கண்ணுல படுற அளவுக்குப் பெருகிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. இந்த டெஸ்டுக்கு இவ்வளவு மவுசு அதனாலதான்.

இப்ப சிகாகோ கதை. கொஞ்சம் நீளம், ஆனா உங்க ஏரிக்கும் அதுக்கும் ரொம்ப சம்பந்தம் இருக்கு.

வெள்ளிக்கெண்டைன்னு ஒரு மீன் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கட்லா ரோகு மிர்காலோட சேத்து கூட்டு மீன் வளர்ப்புல விடுவாங்களே சில்வர் கார்ப், அதேதான். அதையும் அதோட சொந்தக்கார மீனான பிக்ஹெட் கார்ப்பையும் 1970கள்ல அமெரிக்காவுக்குக் கொண்டு போனாங்க, குளத்துல பாசியத் தின்னு சுத்தம் பண்ணும்னு. அங்க இருந்து தப்பிச்சு மிசிசிப்பி ஆத்துல கலந்து, வடக்க இல்லினாய் ஆத்துல ஏறி, படகு சத்தம் கேட்டா கூட்டமா எகிறிக் குதிச்சு ஆளுங்க மூஞ்சியில அடிக்கிற அளவுக்குப் பெருகிடுச்சு. அதுக்கும் மேல போனா மிச்சிகன் ஏரி, அதுல நுழைஞ்சா பெரிய ஏரிகள் எல்லாத்துக்கும் வழி. இயற்கையா அந்த ஆத்துக்கும் ஏரிக்கும் தொடர்பே கிடையாது, சிகாகோ ஊர் சாக்கடை ஏரியில கலக்கக்கூடாதுன்னு ஆத்தையே திருப்பி விட்டு 1900ல ஒரு கால்வாய் திறந்தாங்க, அந்தக் கால்வாய்தான் இப்ப மீனுக்கு ரோடு. மீன் வராம தடுக்க ஏரியில இருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி ரோமியோவில் பக்கத்துல கால்வாய்க்கு அடியில கரண்ட் வேலி போட்டாங்க, 2002ல முதல் வேலி வந்துச்சு.

2009ல நோட்ரடேம் பல்கலைக்கழகத்துல டேவிட் லாட்ஜோட குழு அந்தக் கால்வாய்த் தண்ணிய பாட்டில் பாட்டிலா எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. நவம்பர்ல ரிசல்ட் வெளிய வந்துச்சு, வேலியத் தாண்டி, ஏரிப் பக்கமும் கெண்டை டிஎன்ஏ இருக்கு. ஊரே பதறிடுச்சு. அதுவரைக்கும் அந்தப் பக்கம் ஒரு மீனக் கூட யாரும் வலையில புடிக்கல.

டிசம்பர்ல வேலியில மெயின்டனன்ஸ் வேலை இருந்துச்சு, கரண்ட நிறுத்தணும், அந்த நேரத்துல மீன் ஏறிடக்கூடாதுன்னு வேலிக்குக் கீழ சுமார் 9 கிலோமீட்டர் தூரத்துக்கு ரோட்டினோன் விஷத்தக் கொட்டுனாங்க. டன் கணக்குல மீன் செத்துச்சு. அதுல ஆசியக் கெண்டை, அதாவது இந்த வெள்ளிக்கெண்டையோ பிக்ஹெட்டோ, எத்தனைன்னு நெனக்கிறீங்க? ஒண்ணு. ஒரே ஒரு பிக்ஹெட். "பாத்தியா, டெஸ்ட் புருடா"ன்னு ஒரு கூட்டம், "குளிர்ல செத்த மீன் மிதக்காது, அடியில போயிடும்"னு இன்னொரு கூட்டம். அதே மாசம் மிச்சிகன் மாநிலம் கால்வாய் மதகுகள மூடச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, 2010 ஜனவரியில கோர்ட் உத்தரவு போட மாட்டேன்னுடுச்சு. கால்வாய்ல சரக்குப் படகு விடுற கம்பெனிங்க "மீனையே காட்டல, வெறும் டிஎன்ஏவ வச்சு எங்க பொழப்ப மூடுவீங்களா"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல நியாயம் இல்லன்னு என்னால சொல்ல முடியல.

அப்புறம் 2010 ஜூன்ல வேலிக்கு மேல, மிச்சிகன் ஏரிக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குற கேலுமெட் ஏரியில ஒரு மீனவர் வலையில நெசமாவே ஒரு பிக்ஹெட் சிக்குச்சு. 2017 ஜூன்ல ஒரு வெள்ளிக்கெண்டை, ஏரியில இருந்து 14 கிலோமீட்டர்ல. 2022ல திரும்ப கேலுமெட் ஏரியிலயே ஒரு வெள்ளிக்கெண்டை. இப்ப சொல்லுங்க, டெஸ்ட் ஜெயிச்சுதா தோத்துதா? ரெண்டு பேரும் தங்களுக்குத்தான் ஜெயம்னு சொல்லிக்கலாம். "மீன் இருந்துச்சுல்ல"ங்கலாம், "இத்தனை வருஷத்துல மூணே மூணு, இத்தனை பாட்டில் பாசிட்டிவ்வுக்கு இதுவா கணக்கு"ன்னும் கேக்கலாம்.

இந்தக் குழப்பத்துல இருந்து உருப்படியா வந்தது என்னன்னா, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையும் மீன் வனவிலங்குத் துறையும் புவியியல் ஆய்வு மையமும் சேந்து, மீனே இல்லாம அதோட டிஎன்ஏ அங்க எப்படியெல்லாம் வந்திருக்கலாம்னு உக்காந்து ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாத்தாங்க. மீன் தின்னுட்டுப் பறந்து வந்து எச்சம் போடுற பறவை. கீழ இருந்து மேல வர்ற சரக்குப் படகோட அடிப்பக்கம், அது மேல எகிறி விழுந்து செத்துக் காஞ்ச மீன். மார்க்கெட்டுல ஐஸ்ல வச்சு விக்கிற கெண்டையோட ஐஸ் உருகுன தண்ணி சாக்கடையில போய் மழைக்கு நிரம்பி கால்வாய்ல விழுறது. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போடுற வலை. எல்லாத்துலயும் டிஎன்ஏ இருந்துச்சு. செத்த மீன்லயும் பறவை எச்சத்துலயும் வாரக்கணக்குல தாங்குச்சு.

இப்ப உங்க ஏரிக்கு வாங்க. இந்த லிஸ்ட்ல ஒண்ணு விடாம உங்க ஊர்லயும் இருக்கு. நீர்க்காகமும் கொக்கும் ஒரு ஏரியில மேஞ்சுட்டு இன்னொரு ஏரி மரத்துல தங்கும். குத்தகைக்காரர் ஒரே ஆளா இருந்தா ஒரே வலை, ஒரே தெப்பம் மூணு ஏரிக்கும் போகும். மார்க்கெட் ஐஸுக்குப் பதிலா உங்களுக்கு அதவிட மோசமான ஒண்ணு இருக்கு, டேங்க் கிளீனர் மீன் வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டியில இருக்கு, தொட்டிய கழுவி ஊத்துற தண்ணி ட்ரெயினேஜ் வழியா ஏரிக்குத்தான் வருது. அந்த வாய்க்கால் வாய்ல போய் பாட்டில முக்குனீங்கன்னா ஏரியில ஒரு டேங்க் கிளீனர் இல்லாட்டியும் பாசிட்டிவ் வரும், லேப் மேல தப்பே இருக்காது.

எல்லாத்தையும் விடப் பெரிய விஷயம் உங்களோடது சங்கிலி ஏரி. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிஞ்சா தண்ணியோட டிஎன்ஏவும் கீழ போகும். சுவிட்சர்லாந்துல ஒரு ஏரியில மட்டும் வாழுற டாஃப்னியாங்கற பொடி நீர்ப்பூச்சியையும் ஒரு சிப்பியையும் வச்சு, அந்த ஏரியில இருந்து கிளம்புற ஆத்துல எவ்வளவு தூரம் வரைக்கும் அதுங்க டிஎன்ஏ தெரியுதுன்னு 2014ல வந்த ஒரு ஆய்வுல பாத்தாங்க, 9லருந்து 12 கிலோமீட்டர் வரைக்கும் தெரிஞ்சுது. உங்க ஏரிங்க நடுவுல அவ்வளவு தூரம் இருக்காதுன்னு நெனக்கிறேன். அதனால ஐப்பசி கார்த்திகையில கலங்கல் ஓடுறப்ப கீழ் ஏரியில தண்ணி எடுத்தா அது மேல் ஏரிய டெஸ்ட் பண்ண மாதிரிதான். இதத் தெரியாம மழைக்காலத்துல போய் எடுத்துட்டு வந்து மூணு ஏரியும் பாசிட்டிவ்னு மேப் போட்டவங்கள எனக்குத் தெரியும்.

அதனால நான் சொல்றது, பங்குனி சித்திரையில எடுங்க. கலங்கல் காஞ்சு, நடு வாய்க்காலும் காஞ்சு, மூணு ஏரியும் தனித்தனிக் குட்டையா நிக்கிற நேரம். தண்ணியில கரைஞ்ச டிஎன்ஏ பொதுவா சில நாள்ல இருந்து சில வாரம் வரைக்கும்தான் தாங்கும், அதுவும் நம்ம வெயிலுக்கு சீக்கிரமே அழிஞ்சுடும், ஆக மழையில வந்தது எப்பவோ போயிருக்கும், அப்ப கிடைக்கிறது அந்தக் குட்டைக்குச் சொந்தமானது. இன்னொரு லாபம், தண்ணி கம்மியா இருக்குறதால டிஎன்ஏ செறிவாவும் இருக்கும். ஒரே எச்சரிக்கை, சேத்தக் கலக்காதீங்க. அடி மண்ணுல டிஎன்ஏ தண்ணியில இருக்குறத விட ரொம்ப நாள் ஒட்டிக்கிட்டு இருக்கும், காலால கலக்கிட்டா பழைய கணக்கெல்லாம் பாட்டிலுக்குள்ள வந்துடும்.

வெயில் காலத்துல ஒரு தொல்லையும் இருக்கு, மறைக்கல. தண்ணி பச்சைப் பசேல்னு பாசியா இருக்கும், ஃபில்டர் கால் லிட்டர்லயே அடைச்சுக்கும். அழுகுன இலை தழையில இருந்து வர்ற ஹ்யூமிக் அமிலம் பிசிஆர மொத்தமா படுக்க வச்சுடும், மீன் நெறைய இருந்தும் நெகட்டிவ்னு வரும். அதனால லேப்ல கேளுங்க, உள்ளுக்குள்ள ஒரு தெரிஞ்ச டிஎன்ஏவப் போட்டு அது வளருதான்னு பாக்குற கன்ட்ரோல் வச்சிருக்கீங்களான்னு. அது வளரலன்னா அந்த நெகட்டிவ்வுக்கு அர்த்தமே கிடையாது, நீர்த்துப்போக வச்சு திரும்ப ஓட்டணும். இந்தக் கேள்விக்கு முழிக்கிற லேப்ல குடுக்காதீங்க.

ஒரு பாட்டில் போதுமான்னு கேட்டீங்க. போதாது. டிஎன்ஏ தண்ணியில சக்கரை கரைஞ்ச மாதிரி சீரா இருக்காது, அங்கங்க கொத்துக் கொத்தா மிதக்கும். ஏரிக்கு அஞ்சாறு இடமாவது, கரை ஓரம், மதகுக்கிட்ட, நாணல் பக்கம்னு பிரிச்சு எடுங்க, ஒவ்வொண்ணையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, ஒண்ணாக் கலந்துடாதீங்க. அஞ்சுல நாலு பாசிட்டிவ்வுக்கும் அஞ்சுல ஒண்ணு பாசிட்டிவ்வுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சுன்னா ரெண்டு வாரம் கழிச்சு அதே இடத்துல திரும்ப எடுங்க. பறவை எச்சமா இருந்தா ரெண்டாவது தடவை காணாமப் போயிருக்க வாய்ப்பு அதிகம், மீனா இருந்தா திரும்ப வரும்.

கூடவே பிளாங்க். இது ரொம்ப முக்கியம், இதுல நானே அடி வாங்கியிருக்கேன். சுத்தமான வடிச்ச தண்ணிய ஒரு பாட்டில்ல ஊத்தி ஏரிக்கு எடுத்துட்டுப் போய், அங்கயே திறந்து மூடி, மத்த பாட்டிலோடயே கொண்டு வந்து அதையும் டெஸ்ட் பண்ணணும். அது நெகட்டிவ்வா வரணும். முன்ன நான் வேலை பாத்த இடத்துல ஒரு வாரம் அலைஞ்சு எடுத்த நாப்பது சாம்பிள், எல்லாம் அமோகமா பாசிட்டிவ், எனக்கு ஒரே சந்தோஷம், கடைசியில பாத்தா பிளாங்க்கும் பாசிட்டிவ். எங்கடா தப்புன்னு தேடுனா ஐஸ் பெட்டி. எங்க பெட்டி உடைஞ்சு போச்சுன்னு டிரைவர் நல்ல மனசோட அவர் மச்சான்கிட்ட இருந்து ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கார், மச்சான் மீன் வியாபாரம். நாப்பதும் குப்பைக்குப் போச்சு. அதுல இருந்து பெட்டி, பாட்டில், பூட்ஸ் எல்லாத்தையும் பிளீச்சிங் கரைசல்ல முக்கி எடுக்காம நான் வண்டியில ஏத்துறதே இல்ல. நீங்களும் முதல்ல மீன் இல்லன்னு நெனக்கிற கடைசி ஏரியில எடுங்க, அப்புறம் நடு ஏரி, மீன் இருக்குற மேல் ஏரிக்குக் கடைசியாப் போங்க. தண்ணிக்குள்ள இறங்காம கரையில இருந்தே, கையுறை மாத்தி மாத்தி. மீன் வெட்டுன கையோட போயிடாதீங்க.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. டேங்க் கிளீனர் தென் அமெரிக்க மீன், அந்தக் குடும்பத்துல நம்ம நாட்டுக்குச் சொந்தமான மீன் ஒண்ணு கூடக் கிடையாது. அதனால ப்ரைமர் அந்தக் குடும்பத்துக்குப் பொதுவா இருந்தாலே போதும், சொந்தக்கார மீனப் பாத்து ஏமாறுற பிரச்சனை ரொம்பக் கம்மி. இதே நீங்க தடை பண்ண ஆப்பிரிக்கக் கெளுத்தியத் தேடியிருந்தா தலைவலி, ஏன்னா அதே பேரினத்துல நம்ம நாட்டு மீனும் இருக்கு, ரெண்டையும் சேத்துக் கலப்பினமும் பண்ணிடறாங்க, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும், ஆக கலப்பின மீன டெஸ்ட் பண்ணா அம்மா எதுவோ அதத்தான் சொல்லும், அப்பா யாருன்னு சொல்லாது. சிகாகோ பக்கம் வெள்ளிக்கெண்டையும் பிக்ஹெட்டும் கலந்து கிடக்குறதுலயும் இதே கூத்துதான்.

எத்தனை மீன் இருக்குன்னு கேக்காதீங்க. டிஎன்ஏ அளவ வச்சு தலைய எண்ண முடியாது, ஒரு பெரிய மீன் பக்கத்துல செத்துக் கிடந்தாலும் அளவு எகிறும். சூடு, முட்டை போடுற பருவம், தீனி எல்லாத்துக்கும் மாறும். ஓடு போட்ட நண்டு, கிரேஃபிஷ் மாதிரி ஆளுங்க ரொம்பக் கஞ்சத்தனமா உதிர்ப்பாங்க, அதுங்க கூட்டமா இருந்தும் தவறிப்போகும்.

எல்லா மீனையும் ஒரே டெஸ்ட்ல பாக்கலாமேன்னு யாராவது சொல்லுவாங்க, மெட்டாபார்கோடிங்னு. 2015ல ஜப்பான்காரங்க மிஃபிஷ்னு ஒரு ப்ரைமர் செஞ்சு மீன் காட்சியகத் தொட்டித் தண்ணியில சோதிச்சப்ப 180 இனத்துல 168ஐ சரியாச் சொல்லுச்சு, அருமையான கருவி. ஆனா அது ஒரு ஏரியில என்னென்ன இருக்குன்னு ஜனத்தொகைக் கணக்கு எடுக்குறவங்களுக்கு. ஒரே மீனத்தான் தேடுறீங்கன்னா அதுக்குன்னே செஞ்ச க்யூபிசிஆர் (டிஎன்ஏ பெருகப் பெருகவே அளக்குற பிசிஆர்) டெஸ்ட்தான் மேல், செலவும் கம்மி, கம்மியான டிஎன்ஏவையும் புடிக்கும்.

இன்னொண்ணு, உங்க மேல் ஏரிக்கு டெஸ்டே எடுக்க வேண்டாம், மீன் கையில இருக்கு, அப்புறம் எதுக்குக் காசு? அந்த ஏரித் தண்ணி ஒரே ஒரு பாட்டில் போதும், அதுவும் டெஸ்ட் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க, அதுல பாசிட்டிவ் வரலன்னா லேப்ல ஏதோ கோளாறு. எண்ணூர் பழவேற்காடு பக்கம் வெளிநாட்டுல இருந்து வந்த காக்கா ஆழிங்கற சிப்பி சேறு முழுக்க போர்வை மாதிரி மூடிக் கிடக்கு, மீனவங்க இறாலு கிடைக்கலன்னு வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்காங்க, அங்க போய் இந்த டெஸ்ட் எடுத்து அது இருக்குன்னு ரிப்போர்ட் எழுதறதுல எனக்கு உடன்பாடு கிடையாது. அது இன்னும் போய்ச் சேராத அடுத்த கழிமுகத்துல, துறைமுகத்துல எடுத்தா அர்த்தம் இருக்கு, ஆழியோட குஞ்சுங்க கண்ணுக்குத் தெரியாம தண்ணியிலதான் மிதந்து போகும், பாட்டில்ல வரும். வந்த இடத்துல வேணாம், வரப்போற இடத்துல எடுக்கணும்.

சரி, கீழ் ஏரியில ரெண்டு தடவையும் பாசிட்டிவ் வந்துடுச்சுன்னு வைங்க. அப்ப உடனே ஏரிய வத்த வைக்கணும்னு கிளம்பிடாதீங்க. பாசிட்டிவ் வந்த இடத்துல ராத்திரி வலை போட்டுப் பாருங்க, இந்த மீன் ராத்திரியில நடமாடும். ஒரு மீன் கையில கிடைச்சா மீன்வளத் துறையில பேச உங்களுக்கு அது போதும், பாட்டில் ரிப்போர்ட்ட மட்டும் நீட்டுனா சிகாகோவுல கேட்ட கேள்வியத்தான் இங்கயும் கேப்பாங்க. வலையில வரலன்னா தண்ணி இறங்குனதும் ஏரிக்கரை உள்பக்கம் நடந்து பாருங்க, பொண் மீன் முட்டை போடறதுக்காக ஆண் மீன் கரையில பொந்து தோண்டும், வரிசையா ஓட்டை ஓட்டையா தெரியும். அந்தப் பொந்தப் பாத்தா எலி வளைன்னு நெனச்சு விட்டுடாதீங்க, போட்டோ எடுத்து, எந்தப் பக்கம் எத்தனை இருக்குன்னு குறிச்சு வச்சுட்டு நீர்வளத் துறைக்காரங்களக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, மீனப் பத்தி அவங்களுக்குக் கவலை இல்லாட்டியும் கரை ஒழுகும்னா வருவாங்க.